நேரலையில் வந்த அம்மன்

இது ஏழு கடலுக்கு அப்பால் நடந்ததில்லை, தாம்பரம் தாண்டித் தெற்கே போகிற சாலையில் இடதுகைப் பக்கம் நடந்தது. ராஜா காலத்திலும் நடந்ததில்லை, போன மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பகல் பன்னிரண்டரை மணிக்கு நடந்தது. அங்கே நீலாம்பரி என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. நான்கு கட்டடம், இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, தண்ணீர் நிரப்பாத ஒரு நீச்சல் குளம், வருகிறவர் போகிறவர் பெயரையெல்லாம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்ட பிறகே திறக்கிற ஒரு பெரிய கேட்டு. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் கிராமியக் கலைகள் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். உயிரை வைத்தார்களே தவிரக் காலை வைத்ததில்லை, ஏனென்றால் அந்தக் கலைகள் நடக்கிற இடத்தில் புழுதி இருக்கும், கார் நிறுத்த வழி இருக்காது, கழிப்பறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அவர்களுடைய சங்கத் தலைவர் சோமசேகரன், ஏழாவது மாடிக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், கதர் ஜிப்பா போட்டாலும் மடிப்புக் கலையாமல் போடுகிறவர். ஊர் ஊராகப் போய்க் கூத்தையும் மேளத்தையும் படம்பிடித்து அப்போதைக்கப்போது வீட்டுத் தொலைக்காட்சிக்கு அனுப்பி வைக்கிற ஒரு நிறுவனத்தை அவர்தான் கண்டுபிடித்தார். அப்போதைக்கப்போது என்றால் அரை நிமிடம் பிந்தி, அங்கே அடித்த அடி இங்கே கேட்க அரை நிமிடம் ஆகும் என்று நிறுவனத்தார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அரை நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றார் சோமசேகரன். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் பதினொரு மணிக்கு நீலாம்பரியில் ஏசி போட்டு, திரைச்சீலை இழுத்து, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ரிமோட்டை அமுக்கிக் குறைத்துக்கொண்டு, "ஆஹா, மண்வாசனை" என்று வாட்ஸாப்பில் எழுதுவது வழக்கமாயிற்று.

மண்வாசனை வேண்டுமென்றால் மதில் சுவருக்குப் பின்னாலேயே இருந்தது. அங்கே எழுபது எண்பது ஓட்டு வீடுகள் கொண்ட ஒரு காலனி, அந்தக் காலனிக்காரர்களும் கொட்டு அடிக்கிறவர்கள்தான், கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்களுக்கு மேளம் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு சாவு விழுந்து, காலையிலிருந்து மேளம் முழங்கிக்கொண்டிருக்க, சோமசேகரன் அழகான நடையில் ஒரு புகார் எழுதி இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கி அனுப்பினார், போலீஸ் ஜீப் வந்தது, மேளம் பாதியில் நின்றது, பிணம் சத்தமில்லாமல் சுடுகாட்டுக்குப் போயிற்று. பிறகு குடியிருப்புக்குள்ளே எந்தத் தோல் கருவியும் முழங்கக்கூடாது என்று பதினாலாம் விதி எழுதப்பட்டது, ஜன்னல்களுக்கெல்லாம் இரட்டைக் கண்ணாடி போடப்பட்டது. செத்தது யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. செத்தவன் பெண்டாட்டி பவுனம்மா கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி வைத்திருந்தாள், சோமசேகரனின் ஜிப்பாவுக்கு அந்த மடிப்பு அவள் கையால் விழுந்ததுதான்.

மாசி மாதத்தில் நீலாம்பரிக்கென்றே தனியாக ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. செஞ்சிப் பக்கத்து நெடுங்கொல்லையிலிருந்து தசரதன் குழு, பம்பையும் உடுக்கையும், முள்ளுக்காட்டம்மன் வர்ணிப்பு. நிகழ்ச்சி நிரலைப் படித்த சோமசேகரன் கடைசி இருபது நிமிடத்தைச் சிவப்பு மையால் அடித்தார். வந்த சாமியைப் பாடித் திரும்ப அனுப்பி வைப்பதற்கு மலையேற்றுவது என்று பெயர், அதில் போய்வா தாயே, போய்வா தாயே என்று ஒரே அடியே திரும்பத் திரும்ப வருகிறது, பன்னிரண்டரைக்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது, சாப்பாடு வேறு ஆறிவிடும் என்பது அவர் கட்சி. தசரதன் போனிலேயே மன்றாடிப் பார்த்தார்.

"வர்ணிச்சு வர வச்சா மலையேத்தி அனுப்பணும் சார். வூட்டுக்குக் கூப்ட்டவங்கள வாசல்ல நிக்க வச்சிட்டுக் கதவச் சாத்துனா நல்லாவா இருக்கும்?"

"நாங்க சும்மா பாக்கறவங்க தசரதன். இங்க யாருக்கும் வராது" என்றார் சோமசேகரன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெடுங்கொல்லையில் படம்பிடிப்பவர்கள் ஊர்க்காரர்களை எல்லாம் கயிறு கட்டி நூறு அடிக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள், குலவை போடக்கூடாது, குறுக்கே வரக்கூடாது, ஆடக்கூடாது, இருமக்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பம்பை முழங்கியது. தசரதன் அம்மன் நெற்றியை வர்ணித்து, மூக்குத்தியை வர்ணித்து, முள்ளை மிதித்து வந்த பாதத்தை வர்ணித்து, வா தாயே வா தாயே என்று கூப்பிட, கூப்பிட்ட குரலுக்கு அம்மன் வந்தாள். வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். இறங்குவதற்கு ஒரு ஆள் இல்லை. கும்பிடுகிற கை ஒன்றுகூட இல்லை, எதிரே இருந்தது ஒரு கேமராதான், அது கண்கொட்டாமல் தன்னையே பார்ப்பதைக் கண்டு, கூப்பிட்டது இவர்கள்தான் போலும் என்று எண்ணி அதன் வழியாக நுழைந்து, கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் நடந்து, அவளும் அரை நிமிடம் பிந்தியே நீலாம்பரிக்கு வந்து சேர்ந்தாள். வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு முப்பது. திரையில் ஒரு தாமரைப் பூவும் நன்றி என்ற எழுத்தும் தெரிந்தன, அவ்வளவுதான், பின்னால் வழி மூடிக்கொண்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்தது ஏழாவது மாடியில் ஒரே ஒரு ஆள், சோமசேகரனின் மனைவி கோமளம், அறுபத்தொரு வயது, முழங்கால் வலி, சர்க்கரை. நிகழ்ச்சியை அவள் பார்க்கக்கூட இல்லை, சமையலறையில் சேப்பங்கிழங்கு வதக்கியபடி காதால் கேட்டுக்கொண்டு, தன்னை அறியாமல் கரண்டியால் வாணலி விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மன் அவள் மேல் இறங்கினாள். வேப்பிலை தேடி, அது கிடைக்காமல், ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு கட்டு கறிவேப்பிலையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கோமளம் கூடத்துக்கு வந்து ஆடினாள். முப்பத்தாறு வருடமாக அந்த வீட்டில் குரல் உயராத மனுஷி தலைமயிர் அவிழக் கேட்டாள்.

"கூப்ட்டவன் எங்கடா?"

சோமசேகரன் கையிலிருந்த ரிமோட்டைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

நீலாம்பரிக்காரர்கள் இதற்கெல்லாம் மலைத்துப் போகிறவர்கள் இல்லை. முதலில் ஆறாவது மாடியிலிருந்து, மேலே யாரோ குதிக்கிறார்கள், எங்களுக்கு ஆன்லைன் மீட்டிங் இருக்கிறது என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தது. விஷயம் தெரிந்ததும் அவர்களே ரப்பர் விரிப்பு ஒன்றை மேலே கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் செயற்குழு கூடி, அம்மன் வாடகைதாரரா, விருந்தாளியா, வீட்டு உரிமையாளரின் உறவினரா என்று இரண்டு மணி நேரம் விவாதித்து, விருந்தாளி என்றால் மூன்று நாளுக்கு மேல் கேட்டில் அனுமதி கிடையாதே என்று திகைத்து, கடைசியில் உரிமையாளரின் மனைவியினுடைய தற்காலிக நிலை என்று பதிவு செய்தது. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை குறி கேட்கலாம், வீட்டுக்கு ஐந்து நிமிடம், கைப்பேசியில் முன்பதிவு உண்டு, செருப்பை லிஃப்ட் ஓரம் விடவேண்டும், கற்பூரம் ஏற்றினால் தீயணைப்பு மணி அடிக்கும் என்பதால் பேட்டரி விளக்குப் போதும் என்றெல்லாம் அறிவிப்பு ஒட்டினார்கள்.

குறி சுத்தமாக இருந்தது. யார் யாருடைய காரை உரசினார்கள், லிஃப்டில் நாயை அசிங்கம் பண்ண விட்டது எந்த வீடு, போர்த் தண்ணீரைத் தனிக் குழாய் போட்டு இழுக்கிறது யார் என்று அம்மன் புட்டுப் புட்டு வைத்தாள். அடுத்தவர் சங்கதி வரும்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், தங்கள் சங்கதி வரும்போது நேரம் முடிந்துவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு அசலான நாட்டுப்புற அனுபவம் வேறு எந்தக் குடியிருப்பிலும் கிடையாது என்று பெருமை பேசினார்கள், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் பொறாமைப்பட்டுக்கொண்டு போனார்கள். அம்மன் மட்டும் குறி சொல்லி முடித்து ஒவ்வொருவரிடமும் கூப்பிட்டவன் எங்கே என்று கேட்டாள், நான் போகவேண்டும், வழியனுப்பு என்றாள். அதை யாரும் கேட்கவில்லை, அவரவர் ஐந்து நிமிடம் அதற்குள் முடிந்திருந்தது.

பதினெட்டு நாள் இப்படிப் போயிற்று. கோமளம் படுக்கவில்லை, சோறு உண்ணவில்லை, தண்ணீரும் இலையும்தான். முழங்கால் வீங்கிப் பூசணிக்காய் போலாயிற்று, பாதத்தில் தோல் உரிந்து போயிற்று, ஆனாலும் அம்மன் நிற்கவிட்டால்தானே. விடிகிற வேளையில் கொஞ்ச நேரம் அம்மனே களைத்துப் போய்ச் சுவரில் சாய்வாள், அப்போது மட்டும் கோமளத்தின் சொந்தக் கண் உள்ளே எங்கிருந்தோ வெளியே எட்டிப் பார்க்கும், அது நேராகச் சோமசேகரனைப் பார்க்கும். அந்தப் பார்வையை அவர் பார்த்துவிட்டார். இவள் செத்துப் போய்விடுவாள் என்று அவருக்குப் பயம் வந்தது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஜிப்பா மடிப்பு எப்படிப்பட்டதானாலும் மனுஷனுக்குப் பெண்டாட்டி மேல் ஆசை இருந்தது.

அழுது முடித்ததும் அவருக்குத் தெரிந்த வழியில்தான் போனார். நெடுங்கொல்லையில் எப்போதோ எடுத்த மலையேற்றப் பாட்டின் பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்துத் தொலைக்காட்சியில் போட்டார். போய்வா தாயே என்று குரல் எழுந்ததும் அம்மன் ஆட்டத்தை நிறுத்திக் காது கொடுத்தாள், முகம் மலர்ந்தது, படியில் ஏறினாள், ஒன்பதாவது மாடி, பத்தாவது மாடி, மொட்டை மாடிக் கதவில் கை வைத்துவிட்டாள், அந்தச் சமயம் பார்த்துப் பாட்டு நின்று ஒரு பற்பசை விளம்பரம் வந்தது. அம்மன் அரைக் கண்ணோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு கோபத்தோடு பத்து மாடிக்கும் கேட்கும்படி மிதித்து இறங்கி வந்து முன்னைவிட வேகமாக ஆடினாள்.

வேறு வழியில்லாமல் தசரதனைக் கூப்பிட்டார். தசரதன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, வருகிறேன் என்றார், தரை வேண்டும், வெறுங்காலோடு நாலு பேர் சுற்றி நின்று போய்வா தாயே என்று கூடக் குரல் கொடுக்க வேண்டும் என்றார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார்.

"மலையேறினதும் வூட்டம்மா ஒடம்பு வாழத்தண்டு மாரி சாஞ்சிடும் சார். அப்ப வூட்டு ஆளு தாங்கிப் புடிச்சி, பேர் சொல்லிக் கூப்புடணும். நீங்கதான் கூப்புடணும். எவ்ளோ தாமசம் ஆவுதோ அவ்ளோ தூரத்துல அவங்க உங்கள வுட்டு நின்னுடுவாங்க."

செயற்குழுவில் பதினாலாம் விதி குறுக்கே வந்தது. தலைவரே எழுதிய விதியைத் தலைவருக்காகத் தளர்த்தினால் நாளைக்குக் கண்டவனும் கொட்டடிப்பான் என்று சொல்லி, மிகுந்த வருத்தத்தோடு, வெளியே எங்கேயாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே இருந்த ஒரே திடல் காலனித் திடல். சோமசேகரன் இஸ்திரி வண்டியடியில் போய் நின்று, இரண்டு சட்டைக்குப் பெட்டி போட்டு முடிகிறவரை காத்திருந்து, விஷயத்தைச் சொன்னார். பவுனம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தாராளமா வரச் சொல்லு சார். எங்க வூட்டுக்காரர் சாவுல பாதியில நிறுத்துன மோளம். மீதிய அம்மாவுக்கு அடிக்கட்டும்."

அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைத் தாக்கியது. அப்படியே திரும்பி வந்தார். அன்று பூராவும் அந்த முகமே கண்ணில் நின்றது, அந்தத் திடலில் அந்த முகத்துக்கு எதிரே செருப்பில்லாமல் போய் நிற்பதை நினைத்தாலே கால் பின்வாங்கியது. கால் பின்வாங்கினால் மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது? மறுநாளே காரணம் தேடி வந்தது. நீலாம்பரி முழுவதும் மலையேற்றத்தைப் பார்க்க ஆசைப்பட்டது, ஆனால் காலனித் திடலுக்குப் போக யாருக்கும் சௌகரியப்படவில்லை, ஆகவே நிறுவனத்தாரை வரவழைத்து நேரலை செய்யலாம், அதை வீட்டிலிருந்தபடி மேற்பார்வை பார்க்க ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பைச் சோமசேகரன் பாய்ந்து ஏற்றுக்கொண்டார். திடலில் ஒரு ஒலிபெருக்கி கட்டுங்கள், நான் மேலேயிருந்து போனில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், குரல் குரல்தானே என்றார். தசரதன் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. முப்பத்தாறு வருடத்தில் சோமசேகரன் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இந்தா என்பார், இங்க பார் என்பார், காபி என்பார். அதனால் கண்ணாடி முன்னால் நின்று கோமளம், கோமளம் என்று சொல்லிப் பழகினார். சொல்லச் சொல்ல அந்தப் பெயர் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கோமளம் ஏழு மாடியையும் படியில் இறங்கிக் கேட்டைத் தாண்டினாள், காவலாளியின் கைப்பேசி, பெயர் தெரியாத விருந்தாளி வெளியேறினார் என்று பதிந்துகொண்டது. திடலில் காலனிக்காரர்கள் குளித்து, ஈரத்துணியோடு, வெறுங்காலோடு வட்டமாக நின்றார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் திரைச்சீலைகள் இழுக்கப்பட்டன. தசரதன் பம்பையைத் தொட்டுக் கும்பிட்டு அடித்தார், காலனிக்காரர்கள் இரண்டு வருடமாகப் பரணில் கிடந்த மேளங்களை எடுத்துச் சேர்த்து அடித்தார்கள், போய்வா தாயே என்று அவர் சொல்ல, போய்வா தாயே என்று திடலே சொல்லிற்று, முள் இல்லாத வழியாகப் போய்வா, நிழல் இருக்கிற வழியாகப் போய்வா, அடுத்த மாசிக்குக் கூப்பிட்டால் வா, கூப்பிட்டால் வழியனுப்புவோம் என்று சொல்லச் சொல்ல அம்மனின் ஆட்டம் தணிந்தது. அவள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள். கூப்பிட்டவன் எங்கே என்று கேட்கவில்லை, தசரதனைப் பார்த்துச் சிரித்தாள், மலையேறினாள்.

கோமளம் சாய்ந்தாள். தசரதன் அடிப்பதை நிறுத்தாமல் ஒலிபெருக்கியைப் பார்த்தார். அது சும்மா இருந்தது. ஏழாவது மாடியில் இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் சோமசேகரனின் திரையில் கோமளம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தாள், அவரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வாட்ஸாப்பில் வந்து விழுகிற பூங்கொத்துகளுக்கு நடுவே, எப்போது விழுவாள் எப்போது விழுவாள் என்று காத்துக்கொண்டிருந்தார். கீழே பவுனம்மா ஓடிவந்து தரையில் உட்கார்ந்து மடியில் தாங்கினாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, "கோமளம், எழுந்திரும்மா, கோமளம்" என்றாள். கோமளம் கண் திறந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, யாரம்மா நீ, உன் கை இவ்வளவு சூடாக இருக்கிறதே என்று கேட்டாள், இஸ்திரிக்காரி கை அப்படித்தான் என்று பவுனம்மா சொல்ல, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கம்பத்தின் உச்சியிலிருந்து ஒலிபெருக்கி கோமளம், கோமளம், கோமளம் என்று அழுதது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கோமளமும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தாள்.

நீலாம்பரியில் அந்த நிகழ்ச்சிக்கு நூற்றெண்பது பேர் இதயம் போட்டார்கள். பதினாலாம் விதி அப்படியே இருக்கிறது. கோமளம் அன்றைக்கே வீடு திரும்பிவிட்டாள், முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, சேப்பங்கிழங்கு முன்போலவே மொறுமொறுவென்று வதக்குகிறாள், பவுனம்மாவோடு பேசினால் வாய்க்கு வாய் பதில் வருகிறது, கீரைக்காரியோடு பேசினால் வருகிறது. புருஷன் பேசினால் மட்டும் அரை நிமிடம் ஆகிறது. காபி என்றால் அரை நிமிடம் கழித்துத் திரும்புகிறாள், அவர் மெனக்கெட்டு ஒரு வேடிக்கை சொன்னால், அவர் முகம் சுருங்கி, எழுந்து போய்க் கையலம்பி வந்த பிறகு சிரிக்கிறாள். டாக்டரிடம் காட்டினார், காதில் குறையில்லை என்றார். தசரதனுக்குப் போன் செய்தார், அன்னிக்கு அவங்க நின்ன தூரம் அது சார் என்றார் தசரதன். குடியிருப்பில் இதுவும் பழகிவிட்டது, தலைவர் வீட்டில் பேச்சு நேரலை என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து ஐம்பத்தொன்பதுக்குச் சோமசேகரன் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே கோமளம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் காலனியில் அடித்துப் பழகுகிறார்கள், அவள் போய்க் கேட்கிறாள்.

"கோமளம், நான் அன்னிக்குக் கீழ வந்திருக்கணும். தப்புதான்" என்றார்.

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நொடி நின்றார், பத்து நொடி நின்றார், பதினைந்து நொடி நின்றார், கூடத்தில் கடிகாரம் பதினொன்று அடித்தது, தொலைக்காட்சியில் தாமரைப் பூ மலர்ந்து எங்கோ ஒரு ஊரில் நாயனம் சுருதி சேர்ந்தது. ஆரம்பம் தவறிவிடுமே என்று அவர் போய்ச் சோபாவில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டினார். அரை நிமிடம் ஆனதும் சமையலறையில் கோமளம் அவர் நின்றிருந்த இடத்தைப் பார்த்து, "இப்பத்தான் என்ன, வாங்களேன், சேந்து போலாம்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.